ஈரக் காற்றில் சின்ன லென்ஸ்: வாசகர் கேள்வி–பதில்

தட்டையான பேன்கேக் லென்ஸ், ஜூம் ஆகாத 50 மி.மீ. பிரைம், கேமராவோடு சேர்ந்து வரும், மடங்கி உள்ளே போகும் கிட் ஜூம் என்று உள்ளங்கையில் அடங்கிவிடும் லென்ஸ்களைப் பையில் எப்படி வைப்பது, எப்படிக் கொண்டுபோவது என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் பலருடைய கவலை. ஆனால் காவிரிப் படுகையில் விழுந்து உடைந்த லென்ஸைவிட ஈரத்தில் கெட்ட லென்ஸ்தான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. அதனால் ஈரம் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும்.

50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று, 24 மி.மீ. பேன்கேக் ஒன்று, ஒரு கேமரா பாடி. இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்வருகிறேன். தனியாகக் கேமரா பை வாங்க வேண்டுமா, ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மன்னார்குடி

ஆபீஸ் பையே போதும். கேனான் 50 மி.மீ. எஸ்.டி.எம். (ஸ்டெப்பிங் மோட்டார் உள்ள லென்ஸ்) 160 கிராம், 24 மி.மீ. பேன்கேக் 125 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிட இலேசு. எடை ஒரு பிரச்சினையே இல்லை. சின்னதாக இருப்பதால் பையின் அடியில் போய், டிபன் பாக்ஸுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. அதற்குத் தேவை உள்ளே ஒரு தடுப்புப் பெட்டி. கடையில் கிடைக்கும். நீங்களே செய்தால் உங்கள் லென்ஸுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

டி.வி., ஃபிரிட்ஜ் பேக்கிங்கில் வரும், அழுத்தினால் மெல்ல உள்வாங்கி மீண்டுவரும் ஈ.பி.இ. ஃபோம் 10 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி துளை துளையாக இருக்கும் ஃபோம் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்து நாள்கணக்கில் வைத்திருக்கும். ஈ.பி.இ.யின் குமிழிகள் மூடியவை, ஈரம் உள்ளே போகாது. லென்ஸை முன்மூடி, பின்மூடி இரண்டும் போட்டபடி அளந்துகொள்ளுங்கள். மூடி இல்லாமல் அளந்து வெட்டிவிட்டு, பிறகு பின்மூடியோடு உள்ளே போகவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். 69 மி.மீ. விட்டமுள்ள லென்ஸுக்கு 70 மி.மீ. அறை சரி. 80 மி.மீ. வைத்தால் பஸ் பிரேக் போடும்போதெல்லாம் லென்ஸ் அந்த இடைவெளியில் ஓடிப் போய் முட்டும். இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய ஃபோம், தளர்வாக விடும் கனமான ஃபோமைவிட நல்லது.

அடியில் மட்டும் இரண்டு தாள் ஒட்டி 20 மி.மீ. ஆக்குங்கள். பையைத் தரையில் பொத்தென்று வைக்கும்போது அடி வாங்குவது அந்தப் பக்கம்தான். மேலே உறை தைக்க வெல்வெட் வேண்டாம், இழை உதிரும். குடைத்துணி மாதிரி வழுவழுப்பான நைலான் துணி கொடுத்தால் எந்தத் தையல்காரரும் தைத்துத் தருவார். தண்ணீர் பாட்டிலும் சாம்பார் டிபனும் பையின் வெளிப்பாக்கெட்டுக்குப் போகட்டும். பஸ்ஸில் மேல் ரேக்கில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்மூடி ஒன்று தொலைந்துவிட்டது. அந்த லென்ஸை மட்டும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போடுகிறேன். தவறா?
– வாசகி, மயிலாடுதுறை

தவறுதான். இன்றைக்கே ஒரு பின்மூடி (ரியர் கேப்) வாங்கிவிடுங்கள். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி முன்பக்கத்தைவிட முக்கியம். முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. அதே கீறல் பின்கண்ணாடியில் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையமான மவுண்ட்டில் வரிசையாக இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகள் வழியாகத்தான் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்கின்றன. கைக்குட்டையின் வியர்வை அவற்றில் படிந்தால் ஆட்டோஃபோகஸ் விட்டுவிட்டு வேலைசெய்யும். கைக்குட்டையின் இழைகள் லென்ஸின் பின்பக்கம் ஒட்டி, அங்கிருந்து நேராகக் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாருக்குப் போகும்.

இருக்கும் மூடிகளையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடியின் உட்புறப் பள்ளத்தில் சாம்பல் நிறத் தூசி வட்டமாகப் படிந்திருக்கும். சென்சாரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் புள்ளிகள் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் காரணம் அநேகமாக அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, நிழலில் ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

பின்மூடியைச் செருகினால் மட்டும் போதாது, நிற்கும்வரை திருப்ப வேண்டும். பாதி திருப்பிய மூடி பைக்குள் குலுக்கலில் கழன்றுவிடும்.

லென்ஸை அரிசி டப்பாவில் வைத்தால் ஈரம் ஏறாது என்கிறார்களே?
– வாசகர், பாபநாசம்

நெல் விளையும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. பதிலில் பாதி உங்களுக்கே தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் என்ன பாடு என்பதை டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயவைத்து, அரைத்து, கடைக்கு வந்த அரிசியிலும் 13, 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 140 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய டப்பாவில் அந்த அரிசி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 70 சதவீதத்தை ஒட்டி நிறுத்தி வைக்கும். காற்று அதைவிடக் காய்ந்திருந்தால் அரிசியே ஈரத்தை விடும். ஃபங்கஸ் எனும் பூஞ்சை வளர 70 சதவீதம் தாராளம். அரிசியில் இருக்கும் தவிட்டுத் தூள், வண்டு இரண்டும் கூடுதல் தொல்லை. தவிட்டுத் தூள் ஃபோகஸ் வளையத்தின் இடுக்கில் ஏறினால் திருப்பும்போது நறநறக்கும், பூஞ்சைக்கு அதுவே தீனியும் ஆகும். அரிசி டப்பா வேண்டவே வேண்டாம்.

அந்துருண்டையும் கற்பூரமும் அப்படியே. அவை ஆவியாகிப் பரவும் பொருள்கள். மூடிய டப்பாவில் அந்த ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும்.

அப்படியானால் சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? டிரை கேபினட் வாங்க இப்போது வசதியில்லை.
– வாசகர், திருவாரூர்

மின்சாரத்தில் ஈரத்தைக் குறைத்துவைக்கும் அலமாரியான டிரை கேபினட் இல்லாமலே நன்றாகப் பாதுகாக்கலாம். ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கொக்கியும் உள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, துணிப் பொட்டலத்தில் 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) இரண்டு, காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. இவை போதும்.

கணக்கு இதுதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலக் காற்றில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் உங்கள் 10 லிட்டர் டப்பாவுக்குள் இருக்கும் தண்ணீர் கால் கிராம்கூட இல்லை. 100 கிராம் ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிராம் வரை குடிக்கும். டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கால் கிராம் உள்ளே வந்தாலும் பல வாரம் தாங்க வேண்டும்.

ஆனாலும் பலருக்கு நாலே நாளில் ஜெல் ஈரம் நிறைந்து நிறம் மாறிவிடுகிறது. காரணம் காற்று இல்லை, கூடவே வைத்த பொருள்கள். மழையில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்த பை, துணி பவுச், கழுத்துப் பட்டை, தோல் உறை இவை ஒவ்வொன்றும் கிராம் கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். டப்பாவுக்குள் பையோடு வைக்காதீர்கள். லென்ஸ், பாடி, பேட்டரி மட்டும் உள்ளே போகட்டும். பை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் டப்பாவுக்கும் பை கொடிக்கும் போக வேண்டும். தோல் பவுச் அழகாக இருக்கலாம், டெல்டா மழைக்காலத்தில் அதற்குள் லென்ஸை விட்டுவைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது போல.

ஹைக்ரோமீட்டர் 40 முதல் 50 வரை காட்டினால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுக்க வேண்டும். 30-க்குக் கீழே நாள்கணக்கில் போகவிடாதீர்கள், ரப்பர் வளையங்களுக்கு நல்லதல்ல. அப்போது ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்துவிடுங்கள். மலிவு விலை ஹைக்ரோமீட்டர் ஐந்து, பத்து சதவீதம் பிசகும். அதைச் சோதிக்க வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு ஜிப் கவரில் வைத்து மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் உங்கள் கருவி 6 கூட்டிச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வறுப்பதற்கு: ஜெல்லை எப்போதும் தனிப் பழைய வாணலியில் கொட்டி, சிறுதீயில் 15, 20 நிமிடம் கிளறுங்கள். ஓவன் இருந்தால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். நீல மணிகள் ஈரத்தில் ரோஸ் நிறமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரத்தில் அதைக் கட்டாயம் போடக்கூடாது. வாங்கும்போதே ஆரஞ்சு நிற மணியாகப் பார்த்து வாங்குவது மேல். வறுத்ததும் சூட்டோடு டப்பாவில் போடாமல் மூடிய பாட்டிலில் ஆறவிட்டுப் போடுங்கள். திறந்த தட்டில் ஆறவைத்தால் ஆறுவதற்குள் பாதி ஈரத்தை மறுபடி குடித்துவிடும்.

பின்னால் டிரை கேபினட் வாங்கினாலும் இந்த டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கரண்ட் இல்லாத டிரை கேபினட் வெறும் அலமாரிதான்.

கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன். ஏ.சி. மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனிமூட்டம். துடைத்தாலும் திரும்ப வருகிறது. உள்ளேயும் நீர் கோக்குமா?
– வாசகர், கும்பகோணம்

கோக்கும். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் 26 டிகிரியைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். மண்டபத்துக்குள் லென்ஸ் 22, 23 டிகிரியில் இருந்திருக்கும். துடைத்தால் நீர் போகும், கண்ணாடியின் குளிர்ச்சி போகாது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடிப் பூச்சுதான் தேயும்.

மண்டபத்துக்குள் இருக்கும்போதே, அங்குள்ள காய்ந்த காற்றோடு சேர்த்து லென்ஸை ஜிப் கவரில் போட்டு மூடிப் பைக்குள் வையுங்கள். பாடியில் மாட்டியிருந்தால் பாடியோடு பெரிய கவரில் போடுங்கள். வெளியே வந்தபின் கவரைத் திறக்காமல் காத்திருங்கள். நீர் கவரின் வெளிப்பக்கம் படியும், லென்ஸில் படியாது. சின்ன லென்ஸின் ஒரு பெரிய நன்மை இங்கேதான். கனம் குறைவு என்பதால் கால் மணியில் இருந்து அரை மணிக்குள் வெளிச் சூட்டுக்கு வந்துவிடும். அழைப்பு ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே பையை வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே மூட்டம் போட்டுவிட்டதா? லென்ஸைக் கழற்றாதீர்கள், ஜூம் செய்யாதீர்கள். நீண்டு சுருங்கும் ஜூம், சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மின்விசிறிக் காற்றில் வைத்துக் காத்திருப்பதுதான் வழி.

கல்யாண வேலைக்கு இன்னொன்று. முகூர்த்த நேரத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் பையைத் திறந்து வைக்காதீர்கள். அட்சதை, பூவிதழ், பன்னீர் எல்லாம் அதற்குள்தான் வந்து விழும். மஞ்சள் தடவிய ஓர் அரிசி மூடி இல்லாத மவுண்ட்டுக்குள் போய்விட்டால் அன்றைய மீதி வேலை அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு முன்பே தேவையான லென்ஸை மாட்டிக்கொண்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போங்கள்.

அறுவடை நேரத்தில் வயல்களில் படம் எடுக்கிறேன். அறுவடை மிஷின் ஓடும் இடத்தில் தூசி தாங்க முடியவில்லை. யூ.வி. ஃபில்டர் போட்டால் போதுமா?
– வாசகர், ஒரத்தநாடு

ஃபில்டர் முன்கண்ணாடியைத்தான் காக்கும். அதைப் போடுங்கள், நல்லதுதான். கேனான் ஈ.எஃப். வகை 50 மி.மீ. எஸ்.டி.எம்.முக்கு 49 மி.மீ., அதன் 24 மி.மீ. பேன்கேக்குக்கு 52 மி.மீ., சோனி 16–50 கிட் ஜூமுக்கு 40.5 மி.மீ. என்று ஃபில்டர் அளவு மாறும். முன்மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

அறுவடைத் தூசி சாதாரணத் தெருப்புழுதி போன்றது அல்ல. களத்தில் நின்றவர்களுக்குக் கழுத்தில் அரிக்கும் அந்தச் சுனைதான் இங்கே எதிரி. நெல் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. கண்ணாடிக்கும் மூலம் சிலிக்காதான். சுனை ஒட்டிய லென்ஸைத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால், பூச்சு மீது உப்புத்தாள் ஓட்டிய மாதிரி நுண்கோடுகள் விழும். துண்டு, வேட்டி முனை, முந்தானை எதுவும் அருகில் வரக்கூடாது.

ஒழுங்கு இது: லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் புளோயரால் ஐந்தாறு முறை காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். பிறகு மென்மயிர்த் தூரிகையால் ஓரங்களை மட்டும் தட்டுங்கள். அப்போதும் கறை இருந்தால்தான் லென்ஸ் துடைக்கும் திரவம். லென்ஸில் நேராக ஊற்றாமல் டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடையுங்கள். கோயில் திருவிழாவில் விபூதி பட்ட லென்ஸுக்கும் இதே ஒழுங்குதான். விபூதி மென்மையாகத் தெரிந்தாலும் சாம்பல் சாம்பல்தான்.

வயலில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மிஷினிலிருந்து காற்று வரும் பக்கமாக நன்றாகத் தள்ளி வந்து, காற்றுக்கு முதுகு காட்டி, பாடியின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். பையை வைக்கோல் மேல் வைக்காதீர்கள். ஒரு பழைய பாலிதீன் விரிப்பு கூடவே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தடுப்புகளை எல்லாம் கழற்றிப் பையை வெளியே உதறுங்கள். வெல்க்ரோ பட்டைகளில் சுனை சிக்கி நிற்கும், பழைய டூத் பிரஷால் சீவி எடுத்தால்தான் போகும்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் லென்ஸ் பையை வைக்கலாமா? பூட்டு இருக்கிறதே.
– வாசகி, பட்டுக்கோட்டை

பூட்டு திருடனைத் தடுக்கும், சூட்டையும் அதிர்வையும் தடுக்காது. பல ஸ்கூட்டர்களில் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே என்ஜின். வெயிலில் நிறுத்தினால் சீட்டின் சூடும் சேரும். லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களில் படிந்தால், இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக அசையும். அதிர்வில் சின்னத் திருகாணிகள் தளரும். முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அந்த அடியை உங்கள் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

லென்ஸைக் குலுக்கினால் கடகடவென்கிறது என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் இமேஜ் ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் பலவற்றில் கேமரா அணைந்திருக்கும்போது உள்கண்ணாடி தளர்வாகவே இருக்கும். அந்தச் சத்தம் இயல்பு. ஸ்டெபிலைசர் இல்லாத பிரைம் லென்ஸில் புதிதாகச் சத்தம் கேட்டால்தான் கவனிக்க வேண்டும்.

கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போகிறோம். அடுத்த நாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில். உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பறவைக்குப் பெரிய லென்ஸ் வெளியே இருக்கும்போது சின்ன லென்ஸ் பையில் திறந்தே கிடக்கும். உப்பு அங்கேதான் சேரும். ஒவ்வொரு சின்ன லென்ஸையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுப் பிறகு பைக்குள் வையுங்கள்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். லென்ஸ் மேல் படிந்த உப்பும் அதையேதான் செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் வைத்தாலும், டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மறுபடி நனையும், மவுண்ட்டின் உலோகத்தையும் புள்ளிகளையும் மெல்ல அரிக்கும். அதனால் அன்று இரவே துடைத்தாக வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து லென்ஸின் வெளிப்புறம், மூடிகள், ஃபில்டரின் உலோக வளையம் மூன்றையும் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹால் கலந்த லென்ஸ் திரவத்தில் சரியாகக் கரையாது. முன்கண்ணாடியில் உப்புத்துளி காய்ந்திருந்தால் தேய்க்காமல், ஈரமான டிஷ்யூவை அரை நிமிடம் அதன் மேல் ஒற்றிவைத்து, கரைந்தபின் எடுங்கள்.

படகில் மடித்து மூடும் டிரை பேக் நல்லது. வாயை மூன்று முறையாவது மடித்து, காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டே கொக்கி மாட்டுங்கள். தவறி விழுந்தால் அந்தக் காற்றில் மிதக்கும். லென்ஸுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டால் கேமராவில் மாட்டி வேலைசெய்கிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும்.

பேன்கேக் லென்ஸை பாடியில் மாட்டியபடியே பையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஆட்டோஃபோகஸ் அசையவில்லை. விழவே இல்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

விழத் தேவையில்லை, முன்பக்கம் அழுத்தம் பட்டாலே நடக்கலாம். ஃபோகஸ் செய்யும்போது முன்குழாய் வெளியே வந்து உள்ளே போகும் வகை லென்ஸ்களில், அணைத்த பிறகும் குழாய் நீண்டபடியே நின்றுவிடும். அதன் மேல் பையின் ஜிப்போ புத்தகமோ அழுத்தினால் அந்த விசை நேராக மோட்டாரின் பல்சக்கரத்துக்குப் போகும். 2012-ல் வெளிவந்த கேனான் 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்.டி.எம். லென்ஸில் பைக்குள் இப்படி அழுத்தம் பட்டால் ஆட்டோஃபோகஸ் நின்றுவிடலாம் என்று கேனான் நிறுவனமே அந்த ஆண்டே அறிவித்து, 1.2.0 என்ற மென்பொருள் புதுப்பிப்பைத் தந்தது. உங்களுடையதும் அதே லென்ஸ் என்றால் பொருந்தும் பாடி வழியாகப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

முதலில் லென்ஸைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, இரண்டையும் திரும்ப மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இனிமேல் அணைப்பதற்கு முன் ஃபோகஸ் வளையத்தைத் தூர அளவுக்குத் திருப்பிக் குழாய் முழுக்க உள்ளே போனதா என்று பாருங்கள். சில பாடிகளின் மெனுவில், அணைக்கும்போது லென்ஸ் தானாக உள்வாங்கும் வசதி உண்டு. குழாய் வெளியே நிற்கும்போது கையால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள்.

இரண்டு வருடமாகப் பையிலேயே கிடந்த லென்ஸில் ஏதோ நூல் மாதிரி தெரிகிறது. ஃபங்கஸா? வெயிலில் காயவைத்தால் போய்விடுமா?
– வாசகர், சீர்காழி

இருட்டறையில் லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளி என்றால் தூசி, கவலை வேண்டாம். கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் புகை படிந்த மாதிரி என்றால் எண்ணெய் ஆவி. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கிளை பிரிந்து போகும், வேர் போலவோ சிலந்தி வலை போலவோ இருந்தால் அது ஃபங்கஸ்.

வெயிலில் வைப்பது தீர்வல்ல. மூடியில்லாத லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி. வெயிலைக் குவித்துப் பின்னால் இருக்கும் துணியையோ உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையோ பொசுக்கிவிடும். வெளிக்கண்ணாடியில் இருக்கும் பூஞ்சை லென்ஸ் திரவத்தில் துடைத்தால் போகும். உள்ளே என்றால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டி அடைத்த குட்டி கிட் ஜூம்களைப் பிரிக்கும் கூலி, அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையை நெருங்கிவிடலாம். கேட்டுக்கொண்டு முடிவுசெய்யுங்கள். பூஞ்சை விடும் அமிலம் பூச்சை ஏற்கெனவே அரித்திருந்தால், சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும். இரண்டு மூன்று சின்ன நூல் மட்டும் இருந்தால் படத்தில் தெரியாது. விளக்குக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் படம் கொஞ்சம் வெளுக்கும். அந்த அளவில் அதை உலர் டப்பாவில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம், ஆனால் மற்ற லென்ஸ்களோடு அல்ல, தனி டப்பாவில்.

பையை மறந்துவிடாதீர்கள். பூஞ்சை அதற்குள்ளும் இருக்கிறது. தடுப்புகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பையையும் தடுப்புகளையும் நல்ல வெயிலில் இரண்டு முழு நாள் காயவையுங்கள். ஐப்பசியில் வெயில் கிடைக்காவிட்டால் தை பிறக்கும்வரை அந்தப் பையை எடுக்க வேண்டாம். அதுவரை லென்ஸுக்கு ஜிப் கவரும் ஒரு துணிப்பையும் போதும்.